பெக்ஜே: கடைசி மலர்ச்சியும் வீழ்ச்சியும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொரிய சரித்திரத் தொடர்களைப் பார்த்துவிட்டு பெக்ஜே பற்றித் தேடுகிறவர்களுக்கு முதலில் கிடைப்பது ஒரே படம்தான்: குடியில் மூழ்கிய கடைசி அரசன், பாறையிலிருந்து ஆற்றில் குதித்த மூவாயிரம் பெண்கள். அந்தப் படத்தில் பெரும்பகுதி பிற்காலத்தவர் வரைந்தது. மண்ணைத் தோண்டிக் கிடைத்தவை சொல்லும் கதை வேறு. இந்த நாடு உளுத்துப்போய் விழவில்லை, நன்றாகப் பூத்திருந்தபோது வெட்டப்பட்டது என்று நான் நினைக்கிறேன். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

பெக்ஜே எங்கே இருந்தது?

இன்றைய தென்கொரியாவின் மேற்கிலும் தென்மேற்கிலும். வடக்கே கோகுர்யோ, கிழக்கே சில்லா. மூன்றும் மாறி மாறிச் சண்டையும் சமாதானமுமாக வாழ்ந்தன. மரபுக் கணக்குப்படி பெக்ஜே கி.மு. 18இல் தொடங்கியது, கி.பி. 660இல் முடிந்தது. முதல் தலைநகர் இன்றைய சோல் நகருக்குள்ளேயே, ஹான் ஆற்றங்கரையில் இருந்தது. அதன் மண் மதில்களை அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கு நடுவே இப்போதும் பார்க்கலாம்.

மேற்கே கடல் தாண்டினால் சீனா, தெற்கே கடல் தாண்டினால் ஜப்பான். அதனால் இந்த நாட்டுக்கு எல்லாமே கடல் வழியாகத்தான் வந்து போயின. பௌத்தமும் அப்படித்தான் வந்தது. 384இல் மராநந்தா என்ற துறவி தென்சீனாவிலிருந்து வந்து இறங்கினார். அவர் இந்தியர் என்று பிற்காலக் கொரியத் துறவியர் வரலாறு சொல்கிறது.

475இலேயே தலைநகர் பறிபோய்விட்டதாமே?

ஆமாம். கோகுர்யோ அரசர் ஜாங்சு, அந்த முதல் தலைநகரான ஹன்சோங்கைப் பிடித்து, பெக்ஜே அரசர் கேரோவைக் கொன்றார். மிஞ்சியவர்கள் தெற்கே ஓடி, மலையும் ஆறும் காவலாக நின்ற உங்ஜினில் தங்கினார்கள். இன்றைய கோங்ஜு நகரம் அதுதான். அடுத்த முப்பது ஆண்டுகளுக்குள் இரண்டு அரசர்கள் சொந்த ஆட்களாலேயே கொல்லப்பட்டார்கள். கதை அங்கேயே முடிந்திருக்க வேண்டியது.

501இல் அரியணை ஏறிய முர்யோங்தான் அதை நிமிர்த்தினார். 521இல் சீனாவின் லியாங் அரசவைக்கு அவர் தூது அனுப்பி, பல முறை தோற்ற எங்கள் நாடு மறுபடியும் வலிய நாடாகிவிட்டது என்று அறிவித்தார். வெறும் பேச்சில்லை என்பது 1971 ஜூலையில் தெரிந்தது. கோங்ஜுவில் பழைய கல்லறைகளுக்குள் தண்ணீர் கசியாமல் வடிகால் வெட்டியபோது, யார் கையும் படாத ஒரு செங்கல் கல்லறை அகப்பட்டது. கதவைத் திறந்ததும் நடைபாதையில் ஒரு கல் விலங்கு நின்றது. தலையில் இரும்புக் கொம்பு, உதட்டில் சிவப்புச் சாயம். அதன் முன்னால் இரண்டு கல்வெட்டுப் பலகைகள், மேலே ஒரு கட்டு இரும்பு நாணயங்கள்.

பலகையில் அரசரின் பெயர் இருந்தது. பெக்ஜேயின் 'சாமா' அரசர், 62 வயதில், 523இல் காலமானார் என்று. சாமா என்பது முர்யோங்கின் இயற்பெயர். பழைய கொரிய அரசர் கல்லறைகளில் இப்படிப் பெயரும் தேதியும் கிடைப்பது மிக அரிது. இன்னொரு பலகையில் இருந்தது நிலப் பத்திரம். கல்லறைக்கான இடத்தை அரசர் பூமித் தெய்வங்களிடம் பத்தாயிரம் காசு கொடுத்து வாங்கியதாக அதில் எழுதியிருக்கிறது. அந்த நாணயக் கட்டு அதற்கான விலை. செத்த பிறகும் நிலத்தைச் சும்மா எடுத்துக்கொள்ளாமல் கிரயம் பண்ணி வாங்கிய அரசர் என்று நினைக்கும்போது எனக்கு அவர் மேல் ஒரு தனி மரியாதை வருகிறது.

அந்தச் செங்கல் கட்டுமானம் சீனப் பாணி. சவப்பெட்டி மரமோ ஜப்பானில் வளரும் ஒருவகைப் பைன். ஒரே கல்லறைக்குள் மூன்று நாடுகள். இதில் ஒரு வருத்தமும் உண்டு. கூட்டமும் பத்திரிகையாளர்களும் நெருக்கியதால், அவ்வளவு பெரிய கல்லறையை ஒரே இரவில் அவசர அவசரமாகக் காலி செய்துவிட்டார்கள். கொரியத் தொல்லியலாளர்கள் இன்றும் அதை நினைத்து நொந்துகொள்கிறார்கள்.

பிறகு ஏன் சாபிக்கு மாறினார்கள்?

உங்ஜின் ஒளிந்துகொள்ள ஏற்ற இடம், வளர்வதற்கு இடம் போதாது. முர்யோங்கின் மகன் சோங் 538இல் ஆற்றின் போக்கிலேயே கீழே இறங்கி, சாபி என்ற புது நகரத்தைத் திட்டமிட்டுக் கட்டினார். இன்றைய பூயோ. பின்னால் மலைக்கோட்டை, முன்னால் அரண்மனை, சுற்றிலும் வெளி மதில். நாட்டின் பெயரைக்கூட 'தெற்குப் பூயோ' என்று மாற்றினார். தங்கள் முன்னோர் வடக்கே இருந்த பூயோ அரசிலிருந்து வந்தவர்கள் என்ற பெருமை அதில் இருந்தது.

சோங் அரசரின் முடிவு பற்றிச் சொல்லுங்கள்.

இழந்த ஹான் ஆற்றுப் பகுதியை மீட்பது அவருடைய வாழ்நாள் ஆசை. 551இல் சில்லாவோடு கூட்டுச் சேர்ந்து அதைச் சாதித்தும் காட்டினார். இரண்டே ஆண்டில் கூட்டாளி சில்லாவே அந்தப் பகுதியை விழுங்கிவிட்டது. 554இல் பழிவாங்கப் போன படை குவான்சான் கோட்டையருகே சிக்கியது. முன்னணியில் இருந்த மகனைப் பார்க்கச் சிறு காவலோடு போன அரசர் பிடிபட்டு வெட்டப்பட்டார். அவர் தலையைச் சில்லாக்காரர்கள் தங்கள் அரசு மன்றத்தின் படிக்கட்டுக்குக் கீழே புதைத்ததாக ஜப்பானின் பழைய வரலாற்று நூலான நிஹோன் ஷோகி சொல்கிறது. தினமும் மிதிபட வேண்டும் என்று. அந்தப் போரில் செத்த பெக்ஜே வீரர்கள் 29,600 பேர் என்று கொரிய வரலாற்று நூலான சாம்குக் சாகியில் கணக்கு இருக்கிறது.

அடுத்த நூற்றாண்டில் நடந்தது எல்லாவற்றுக்கும் வேர் இங்கேதான்.

பெக்ஜேயின் தூபக்கலம் என்று பெரிதாகப் பேசுகிறார்களே, அதில் அப்படி என்ன இருக்கிறது?

1993 டிசம்பர் 12. பூயோவுக்கு வெளியே, அரசர் கல்லறைகளுக்குப் பக்கத்தில் வாகன நிறுத்துமிடம் கட்டுவதற்கு முன்னால் ஒரு ஆய்வு. பழைய கோயில் தளத்துப் பட்டறை ஒன்றின் தரையில் சேறு நிறைந்த குழி. ஊறி வந்த தண்ணீரை மொண்டு ஊற்றியபடி விளக்கு வெளிச்சத்தில் தோண்டினார்கள். வெளியே வந்தது 61.8 சென்டிமீட்டர் உயரமுள்ள, பொன்முலாம் பூசிய வெண்கலத் தூபக்கலம். சேற்றுக்குள் காற்றே படாததால் பதின்மூன்று நூற்றாண்டு கழித்தும் பொன் மங்கவில்லை.

அடியில் ஒரு டிராகன் ஒற்றைக் காலைத் தூக்கி உடலைச் சுருட்டிக்கொண்டு, வாயால் ஒரு தாமரை மொட்டைத் தாங்குகிறது. அந்த மொட்டுதான் கலம். மூடி முழுக்க அடுக்கடுக்கான மலைகள். மலைக்குள் மரங்கள், புலி, குதிரையில் போகிறவர், ஆற்றில் தலை அலசுகிற ஒருவர். யானையும் இருக்கிறது, மேலே ஆள் உட்கார்ந்திருக்கிறார். கொரியாவில் யானை கிடையாது. செய்தவர் ஒரு யானையைக் கண்ணால் பார்த்திருப்பாரா என்பது சந்தேகம். கடல் வழியாக வந்த படங்களிலும் பௌத்தக் கதைகளிலும் பார்த்துத்தான் வார்த்திருக்க வேண்டும். இவற்றுக்கெல்லாம் மேலே ஐந்து இசைக் கலைஞர்கள், உச்சியில் சிறகு விரித்த ஃபீனிக்ஸ். சாம்பிராணி போட்டால் மலை மடிப்புகளிலிருந்தும் பறவையின் மார்பிலிருந்தும் புகை கிளம்பும்.

1995இல் அதே கோயில் தளத்தில் ஒரு கல் பேழை கிடைத்தது. 567ஆம் ஆண்டில், சோங்கின் மகனான அப்போதைய அரசரின் சகோதரி புனித எச்சங்களை அதில் வைத்ததாக எழுதியிருக்கிறது. ஆக, தலை இழந்து வந்த சோங் அரசருக்காகப் பிள்ளைகள் எழுப்பிய கோயில் அது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அந்தக் கலம் ஏன் பட்டறைக் குழிக்குள் கிடந்தது? படை நெருங்கியபோது யாரோ பதுக்கி வைத்து, எடுக்கத் திரும்பி வரவே இல்லை என்பதுதான் பலரும் சொல்லும் விளக்கம். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.

அரசர்கள் கதை சரி. சாதாரண ஆட்கள்?

அவர்களைப் பற்றிச் சொல்பவை மரச்சிலாகைகள், அதாவது எழுதப் பயன்பட்ட மெல்லிய மரத்துண்டுகள். பூயோவில் ஈரமண்ணில் நிறையக் கிடைத்திருக்கின்றன. ஒன்றில் பெருக்கல் வாய்ப்பாடு: ஒன்பதொன்பது எண்பத்தொன்றிலிருந்து கீழே இறங்குகிறது. இன்னொன்று தானியக் கடன் கணக்கு. யார் எவ்வளவு வாங்கினார், எவ்வளவு திருப்பினார், இன்னும் எவ்வளவு பாக்கி என்று அரசு அலுவலகம் எழுதிவைத்தது. வட்டி ஐம்பது சதவீதம் வரை போகிறது. பூயோவுக்குத் தெற்கே உள்ள இக்சானில் அரண்மனைத் தளத்தில் பெரிய பொதுக் கழிப்பறைக் குழி ஒன்று கிடைத்தது. துடைக்கப் பயன்பட்ட குச்சிகளும் குடற்புழு முட்டைகளும் அப்படியே இருந்தன. ஒரு நாட்டின் நிர்வாகம் எப்படி நடந்தது என்பதற்கு இவற்றைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

மூ அரசரும் சில்லா இளவரசியும் காதலித்தது உண்மையா?

கிழங்கு விற்கும் பையன், இளவரசி சோன்ஹ்வா தன்னை ரகசியமாகச் சந்திக்கிறாள் என்று பாட்டுக் கட்டி, தெருப்பிள்ளைகளைப் பாட வைத்து, கடைசியில் அவளையே மணக்கிறான். பிறகு அவனே பெக்ஜேயின் மூ அரசராகிறான் (ஆட்சி 600–641). அரசிக்காக இக்சானில் மிருக்சா கோயில் எழும்புகிறது. சாம்குக் யூசா என்ற 13ஆம் நூற்றாண்டு நூலில் உள்ள கதை இது.

2009 ஜனவரியில் மிருக்சாவின் கல் கோபுரத்தைப் பிரித்துச் சீர்செய்தபோது உள்ளே ஒரு பொற்தகடு அகப்பட்டது. 639இல் புனித எச்சத்தை வைத்த அரசி, பெக்ஜே உயர்குடிப் பிரபு சாதேக் ஜொக்தொக்கின் மகள் என்று அதில் தெளிவாக எழுதியிருக்கிறது. சில்லா இளவரசி பற்றி ஒரு சொல் இல்லை. மூ அரசருக்கு வேறு அரசியும் இருந்திருக்கலாம் என்று வாதாடுகிறவர்கள் உண்டு. காதல் கதையை விட மனமில்லாதவர்களை நான் குறை சொல்லமாட்டேன்.

கோபுரம் மட்டும் உண்மை. கொரியாவில் நிற்கும் கல் கோபுரங்களில் மிகப் பழையதும் பெரியதும் அது. 1915இல் ஜப்பானிய ஆட்சி அதன் சரிந்த பக்கத்தில் கான்கிரீட்டைக் கொட்டிப் பூசிவிட்டது. அதைச் சுரண்டி எடுத்துக் கல் கல்லாகத் திரும்ப அடுக்கி முடிக்க இருபது ஆண்டு ஆனது.

பெக்ஜே ஜப்பானுக்கு என்ன கொடுத்தது?

பௌத்தத்தையே கொடுத்தது என்று சொல்லலாம். சோங் அரசர்தான் புத்தர் சிலையும் சூத்திரங்களும் அனுப்பியவர். 588இல் கோயில் தச்சர்கள், ஓடு செய்கிறவர்கள், ஓவியர் எல்லாரும் போய் அசுகா கோயிலைக் கட்ட உதவினார்கள். 602இல் குவல்லுக் என்ற துறவி நாள்காட்டிக் கலையையும் வானநூலையும் கொண்டுபோனார்.

எதிரி நாட்டுக்கும் கொடுத்தது. 640களில் இரண்டு நாடும் கோட்டை கோட்டையாக அடித்துக்கொண்டிருந்தபோதே, சில்லா தன் தலைநகரில் ஒன்பது நிலை மரக்கோபுரம் கட்ட அபிஜி என்ற பெக்ஜே கைவினைஞரை அழைத்தது. தூணை நட்ட அன்று தன் நாடு அழிவதாகக் கனவு கண்டு அவர் வேலையை நிறுத்திவிட்டாராம். சாம்குக் யூசா சொல்லும் கதை.

கடைசி அரசர் உயிஜா உண்மையிலேயே குடிகாரரா?

641இல் பட்டத்துக்கு வந்தபோது அவரை 'கடலுக்குக் கிழக்கே பிறந்த ஸெங்ஸி' என்று அழைத்தார்கள். பெற்றோர் பக்திக்குப் பேர்போன கன்ஃபூசியஸின் சீடர் ஸெங்ஸி. அடுத்த ஆண்டே தானே படை நடத்தி சில்லாவின் நாற்பதுக்கு மேற்பட்ட கோட்டைகளைப் பிடித்தார். 655இலும் முப்பது கோட்டைகள். குடித்துவிட்டுக் கிடந்த ஆள் செய்கிற காரியமா இது?

சாம்குக் சாகியைக் கேட்டால், 656 வாக்கில் குடியும் கேளிக்கையும் முற்றிவிட்டன. கண்டித்த அமைச்சர் சோங்சுங் சிறையில் பட்டினியாகச் செத்தார். 657இல் தன் மகன்கள் 41 பேருக்கு மிக உயர்ந்த அமைச்சர் பதவியைக் கொடுத்தார். முன்பெல்லாம் அந்தப் பதவியில் ஆறு பேர்தான். பழைய உயர்குடிகளை ஒதுக்கிவிட்டு அதிகாரத்தைக் குடும்பத்துக்குள் குவிக்கிறார் என்பது அதில் தெரிகிறது. உள்ளே புழுக்கம் இருந்தது நிச்சயம். அந்த நூல் எழுதப்பட்டது 1145இல் என்பதையும், எழுதிய கிம் புசிக் சில்லா வம்சாவளியைச் சேர்ந்தவர் என்பதையும் மறக்கக் கூடாது.

அவருடைய பெரிய தவறு வேறு. கைப்பற்றிய கோட்டைகளைத் திருப்பிக் கொடு என்று 651இல் சீனாவின் தாங் பேரரசர் எச்சரித்துக் கடிதம் அனுப்பினார். உயிஜா அதைப் பொருட்படுத்தவில்லை. கொஞ்ச காலத்தில் தூது அனுப்புவதையே நிறுத்திவிட்டார். கடல் தாண்டிப் பெரும்படை வரும் என்று அவர் எண்ணவே இல்லை.

தாங் ஏன் இவ்வளவு தூரம் வந்தது?

இரண்டு பேருடைய தேவை ஒன்றாகச் சேர்ந்தது. தாங்குக்குக் கோகுர்யோவை அடக்க வேண்டும். 645இல் வடக்கிலிருந்து போய்த் தோற்றதால், தெற்கே கால் ஊன்ற ஒரு இடம் தேவைப்பட்டது.

சில்லா அரச குடும்பத்து கிம் சுன்சுவுக்கு இது சொந்தப் பகை. 642இல் பெக்ஜே படை தேயா கோட்டையைப் பிடித்தபோது அவருடைய மகளும் மருமகனும் செத்தார்கள். அவர்களின் எச்சங்களை சாபிக்குக் கொண்டுபோய்ச் சிறைச்சாலைத் தரைக்கடியில் புதைத்தார்கள். நூறு ஆண்டுக்கு முன் படிக்கட்டுக்கடியில் புதைந்த சோங் அரசரின் தலைக்குப் பதிலடி. செய்தி வந்த அன்று சுன்சு தூணில் சாய்ந்தபடி நாள் முழுக்க நின்றார், கண் இமைக்கவில்லை, முன்னால் ஆள் நடந்துபோனதுகூடத் தெரியவில்லை என்று எழுதியிருக்கிறார்கள். கோகுர்யோவிடம் உதவி கேட்டுப் போனார், நடக்கவில்லை. 648இல் தாங் தலைநகருக்கே போய் ஒப்புக்கொள்ள வைத்தார். 654இல் சில்லா அரசரும் ஆனார்.

660இல் என்னதான் நடந்தது?

தாங் தளபதி சூ டிங்ஃபாங் 1,30,000 பேரோடு கடல் வழியாக வந்தார். சில்லாவின் கிம் யூசின் 50,000 பேரோடு தரை வழியாக வந்தார். சிறையில் செத்த சோங்சுங் முன்பே எழுதிவைத்திருந்தார்: தரையில் தான்ஹியோன் கணவாயையும், நீரில் பெக் ஆற்று முகத்தையும் தாண்ட விடாதீர்கள். நாடுகடத்தப்பட்டிருந்த அமைச்சர் ஹுங்சுவிடம் ஆள் அனுப்பிக் கேட்டபோது அவரும் அதையேதான் சொன்னார். அவர் மனதில் வன்மம் இருக்கிறது, நம்பாதீர்கள் என்று சபையில் சிலர் தடுத்தார்கள். வாதம் முடிவதற்குள் இரண்டு படையும் இரண்டு இடத்தையும் தாண்டிவிட்டன.

மிஞ்சியது ஹ்வாங்சான் சமவெளியில் தளபதி கியேபெக்கும் 5,000 வீரர்களும். எதிரிக்கு அடிமையாவதைவிட மேல் என்று மனைவி மக்களைத் தன் கையாலேயே கொன்றுவிட்டுப் போர்க்களம் வந்தவர். நான்கு முறை மோதி நான்கு முறையும் வென்றார். பிறகு சில்லாவிலிருந்து குவான்சாங் என்ற பையன் தனியாகப் பாய்ந்து வந்தான். பிடித்துத் தலைக்கவசத்தைக் கழற்றிப் பார்த்தால் வயது பதினாறு. கியேபெக் கொல்ல மனமில்லாமல் திருப்பி அனுப்பினார். அவன் போய்க் கிணற்றில் கையால் தண்ணீர் அள்ளிக் குடித்துவிட்டு மறுபடி வந்தான். இந்த முறை தலையை வெட்டி அவன் குதிரைச் சேணத்தில் கட்டி அனுப்பினார்கள். அவன் அப்பா அந்தத் தலையைக் கையில் ஏந்தி, வழிந்த ரத்தத்தைச் சட்டைக் கையால் துடைத்தார். அதைப் பார்த்த சில்லா படை வெறியோடு பாய்ந்தது. கியேபெக் அங்கேயே விழுந்தார்.

சில நாளில் சாபி சுற்றி வளைக்கப்பட்டது. அரசர் இரவோடு இரவாக உங்ஜினுக்குத் தப்பினார். அதற்குள் இரண்டாவது மகன் தே தன்னைத்தானே அரசன் என்று அறிவித்துக்கொள்ள, உள்ளே இருந்தவர்கள் மதில் தாண்டி வெளியேறத் தொடங்கினார்கள். நகரம் விழுந்தது. உங்ஜினிலிருந்து உயிஜாவைக் கொண்டுவந்து சரணடைந்தவர் அவருடைய தளபதி யே சிக் என்று சீனப் பதிவு சொல்கிறது. காட்டிக்கொடுத்தார் என்று அதைப் படிப்பவர்கள் பலர்.

மூவாயிரம் பெண்கள்?

பூயோவில் ஆற்றுக்கு மேலே நக்ஹ்வாம் பாறை நிற்கிறது. பெயருக்குப் பொருள் 'பூ உதிரும் பாறை'. அரண்மனைப் பெண்கள் அங்கிருந்து குதித்தார்கள் என்று சாம்குக் யூசா சொல்கிறது. அதில் மூவாயிரம் என்ற எண் கிடையாது. அது பல நூற்றாண்டு கழித்து வந்த ஜோசோன் காலக் கவிதைகளின் எண். கவிதையில் மூவாயிரம் என்றால் 'எண்ணற்ற' என்று பொருள். பாறையின் மேல் நின்று பார்த்தால் அவ்வளவு பேருக்கு இடம் இல்லை என்பது தெரியும். குதித்தவர்கள் இருந்திருப்பார்கள். அவர்களை அரசரின் காமத்துக்குச் சாட்சியாக எண்ணிக்கை கூட்டிக் காட்டியது அந்தப் பெண்களுக்குச் செய்த இரண்டாவது அநியாயம்.

அரசர் என்ன ஆனார்?

வெற்றி விருந்தில் கீழே உட்கார வைத்து வென்றவர்களுக்கு மது ஊற்ற வைத்தார்கள். பார்த்த பெக்ஜே அமைச்சர்கள் விம்மி அழுதார்கள். பிறகு அவரையும் இளவரசர்களையும் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட மக்களையும் கப்பலேற்றி சீனாவுக்குக் கொண்டுபோனார்கள். போய்ச் சேர்ந்து சில நாளிலேயே லுவோயாங்கில் இறந்தார்.

அத்தோடு முடிந்துவிட்டதா?

இல்லை. இன்னும் மூன்று ஆண்டு எரிந்தது. ஹுக்சி சாங்ஜி என்ற தளபதி இம்ஜோன் மலைக்கோட்டையில் கொடி நட்டதும் பத்தே நாளில் முப்பதாயிரம் பேர் சேர்ந்தார்கள். அரச குடும்பத்து போக்சினும் துறவி தோச்சிமும் இன்னொரு பக்கம் கிளம்பினார்கள். ஜப்பானில் இருந்த இளவரசர் புங்கை வரவழைத்து அரசராக்கினார்கள். ஆளே இல்லாத நாட்டில் இது நடக்குமா?

கெடுத்தது உட்பகை. போக்சின் தோச்சிமைக் கொன்றார். புங் போக்சினைக் கொன்றார். 663இல் பெக் ஆற்று முகத்தில், உதவிக்கு வந்த ஜப்பானியக் கப்பல்கள் 400ஐ தாங் படை எரித்தது. கடல் நீர் சிவந்தது என்கிறது சீனப் பதிவு. கிளர்ச்சிக்காரர்களின் தலைமையிடமான ஜூரியு கோட்டை விழுந்த நாளில் மக்கள் பேசிக்கொண்டதை நிஹோன் ஷோகி எழுதிவைத்திருக்கிறது: பெக்ஜே என்ற பெயர் இன்றோடு போயிற்று, முன்னோர் கல்லறை இருக்கும் இடத்துக்கு இனி எப்படிப் போவோம்?

ஆயிரக்கணக்கானோர் ஜப்பானுக்குக் கப்பலேறினார்கள். அங்கே மலைக்கோட்டைகள் கட்டித் தந்தார்கள். 749இல் நாராவின் பெரிய புத்தருக்குப் பூசப் பொன் தேடித் தந்தவர் உயிஜாவின் வழித்தோன்றல். தன் முன்னோரான கன்மு பேரரசரின் தாய் முர்யோங் வழிவந்தவர் என்று 2001இல் அப்போதைய ஜப்பானியப் பேரரசர் அகிஹிதோவே வெளிப்படையாகச் சொன்னார்.

இப்போது போனால் எதைப் பார்க்கலாம்?

கோங்ஜு, பூயோ, இக்சான் மூன்றிலுமாக எட்டு இடங்கள் 2015இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தன. தூபக்கலம் பூயோ தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நேரம் குறைவாக இருந்தால் அதற்கு மட்டுமாவது ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்.

அப்புறம், பக்கத்திலேயே உள்ள ஜோங்னிம்சா தளத்துக்கு நடந்து போங்கள். ஐந்து நிலைக் கல் கோபுரம் ஒன்று வெட்டவெளியில் தனியாக நிற்கிறது. முதல் நிலையின் சுவரில் கிட்டத்தில் போய்ப் பார்த்தால் வரிசை வரிசையாகச் சீன எழுத்துகள். பெக்ஜேயை அடக்கிய பெருமையை சூ டிங்ஃபாங் 660இல் அங்கே செதுக்க வைத்தார். அதனால் பல காலம் மக்கள் அதை 'பெக்ஜேயை அடக்கிய கோபுரம்' என்றே சொல்லிவந்தார்கள், வென்றவனே கட்டியது போல. 1942இல் அதே இடத்தில் தோண்டியபோது கோயில் பெயர் பொறித்த ஒரு கூரை ஓடு கிடைத்தது. அதிலிருந்துதான் ஜோங்னிம்சா என்ற பெயர் திரும்ப வந்தது.